ஏட்டில் ஏறாத ஆண்டுகள்

ஒருவர் எந்த நாளில் பிறந்தார் என்பதை அறிய நாம் ஏடுகளைப் புரட்டுகிறோம். பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டிலோ, ஊராட்சியின் பிறப்புப் பதிவேட்டிலோ அவரைப் பற்றி ஒரு வரி இருக்கும். பள்ளிச் சேர்க்கையும் திருமணமும் ஓய்வூதியமும் அந்த ஒரு வரியைச் சார்ந்தே நிற்கின்றன. ஏட்டில் பெயர் இல்லாதவர் உலகத்தின் கண்ணுக்கு இல்லாதவரே.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வீரர் இருந்தார். அவருடைய வயது என்னவென்று பத்திரிகையாளர்கள் ஓயாமல் கேட்பார்கள். தம் பிறந்த நாள் குடும்ப விவிலியத்தில் குறித்து வைக்கப்பட்டிருந்ததாகவும், அந்த விவிலியத்தை வீட்டு ஆடு தின்றுவிட்டதாகவும் அவர் விடை சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். உண்மையில் அவர் பிறந்த நாள் ஊர்ப் பதிவேட்டில் தெளிவாகவே இருந்தது. ஆடு தின்ற ஏடு என்பது வெறும் வேடிக்கை. ஆனால் அவர் வாழ்க்கையில் வேறொரு ஏடு இருந்தது. அதில் அவருடைய இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு ஏறவேயில்லை. அதைத் தின்றது ஆடு அன்று. மனிதர் எழுப்பிய சுவர். பேஸ்பால் ஆட்டத்தின் பந்தெறிஞர் சாட்சல் பெய்ஜ் என்பவரின் வரலாறு அது.

நம்மவருக்குக் கிரிக்கெட் தெரிந்த அளவுக்குப் பேஸ்பால் தெரியாது. ஆகவே ஒரு சொல் விளக்கம் தேவை. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடிவந்து, பந்தைத் தரையில் பட்டெழுமாறு வீசுகிறார். பேஸ்பாலில் 'பிட்ச்சர்' எனப்படும் பந்தெறிஞர் ஒரு சிறு மேட்டின் மீது நின்றபடியே, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள தட்டின் மேலாக, தரையில் படாதவாறு பந்தை எறிகிறார். அந்தத் தட்டின் அகலம் 17 அங்குலமே. மட்டையாளர் மூன்று நல்ல எறிகளைத் தவறவிட்டால் வெளியேற வேண்டும். அணியில் ஒன்பது பேர் ஆடினாலும் ஒவ்வொரு எறியும் பந்தெறிஞரின் கையிலிருந்தே தொடங்குகிறது. அந்தக் கையின் வேகமும் குறியுமே பெரும்பாலும் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன.

சீர்திருத்தப் பள்ளியில் கற்ற கலை

லிராய் ராபர்ட் பெய்ஜ் 1906-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் மொபீல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தாயார் லூலா சலவைத் தொழில் செய்து பெரிய குடும்பத்தைக் காத்தவர். சிறுவன் லிராய் ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்து சில்லறை ஈட்டினான். ஒரு கோலில் பல பைகளைக் கோத்துத் தோளில் தூக்கியதால், கைப்பை என்று பொருள்படும் 'சாட்சல்' என்னும் பட்டப்பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது என்பர். பின்னாளில் பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, சுமையால் வந்த பெயரே நிலைத்தது.

பன்னிரண்டாம் வயதில் கடையில் சில சில்லறைப் பொருள்களைத் திருடியதற்காக, 1918-ஆம் ஆண்டு மவுண்ட் மெய்க்ஸ் என்னுமிடத்தில் கறுப்பினச் சிறுவர்களுக்கென நடந்துவந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அவன் அனுப்பப்பட்டான். ஒரு சிறு திருட்டுக்கு ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட தண்டனை! எனினும் அங்கேதான் அவனுக்கு ஓர் ஆசான் கிடைத்தார். பள்ளியின் பயிற்றுநர் எட்வர்ட் பேர்ட், ஒல்லியாய் நெட்டையாய் நின்ற அந்தச் சிறுவனின் நீண்ட கைகளைக் கண்டு, காலை உயரத் தூக்கி உடலின் முழு வலிமையையும் பந்தில் இறக்கும் முறையைக் கற்பித்தார். மட்டையாளரின் கால் முட்டியைக் கவனித்து அவர் மனத்தைப் படிக்கவும் பழக்கினார். அடைபட்டுக் கிடந்த ஐந்தாண்டுகளைக் கொடுத்துப் பந்தெறியும் கலையைப் பெற்றதாகப் பெய்ஜ் பின்னாளில் கருதினார். 1923-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலையானார்.

எழுதாத சட்டம்

1926-ஆம் ஆண்டு சட்டனூகா நகரின் கறுப்பினத்தார் அணியில் அவர் ஊதியம் பெறும் வீரரானார். அடுத்த ஆண்டே பர்மிங்காம் நகரின் பிளாக் பாரன்ஸ் அணிக்குச் சென்றார். அவர் எறியும் பந்தைக் காண்பதற்கு முன் ஓசையைத்தான் கேட்க முடிகிறது என்று எதிரணியினர் பேசிக்கொள்ளும் அளவுக்கு வேகம்! வேகத்தோடு குறியும் இருந்தது. பயிற்சியின்போது தட்டுக்குப் பதிலாக ஒரு சிறு காகிதத்தை வைத்து, அதன் மேலாகப் பந்தை எறிந்து காட்டுவார் என்பர். இத்தகைய ஆற்றலை நாட்டின் மிகப் பெரிய அணிகள் போட்டியிட்டு வாங்கியிருக்க வேண்டும் அன்றோ? அவை அவர் இருக்கும் திசையையே பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் ஓர் எழுதாத சட்டம். 1884-ஆம் ஆண்டு டொலீடோ அணிக்காக மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் மேஜர் லீக்கில் ஆடியிருந்தார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அணி உரிமையாளர்கள் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கறுப்பினத்தவர் யாரையும் சேர்ப்பதில்லை என்ற அந்த உடன்பாடு அறுபது ஆண்டுகளுக்கு நிலைத்தது. 'தடை ஏதும் இல்லை' என்று அதிகாரிகள் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஏனெனில் தடை எந்தத் தாளிலும் இல்லை. தாளில் எழுதிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எல்லாரும் அறிந்திருந்தும் எவரும் எழுதாத சட்டத்தை எங்கே சென்று எதிர்ப்பது? பிரிவினையின் தந்திரம் எந்த நாட்டிலும் இதுவே எனலாம்.

கதவு அடைபட்ட மக்கள் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டனர். 1920-ஆம் ஆண்டு ரூப் ஃபாஸ்டர் என்பவரின் முயற்சியால் கான்சஸ் சிட்டியில் 'நீக்ரோ தேசிய லீக்' நிறுவப்பட்டது. 'நீக்ரோ' என்னும் சொல் இன்று தவிர்க்கப்படுகிறது. எனினும் அந்த அமைப்புகளின் வரலாற்றுப் பெயராக அதை வழங்க வேண்டியுள்ளது. அந்த அணிகள் பேருந்துகளில் இரவெல்லாம் பயணம் செய்தன. பல ஊர்களில் உணவு விடுதிகள் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. தங்கும் விடுதிகளில் அறை கிடைக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் வண்டியிலேயே உண்டு உறங்கி அடுத்த ஊருக்குப் போயினர். வெள்ளையர் நாளேடுகள் அந்த ஆட்டங்களை அரிதாகவே வெளியிட்டன. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் முதலிய கறுப்பினத்தார் இதழ்களே, தம்மால் இயன்ற அளவு, ஆட்டக் குறிப்புகளைப் பதிவு செய்தன. எத்தனையோ ஆட்டங்களின் கணக்கு எவர் கையிலும் மிஞ்சவில்லை.

ஊர் ஊராக ஒரு கை

பெய்ஜ் ஓரிடத்தில் நிலையாக நிற்பவர் அல்லர். 1930-களில் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணியின் ஒளிவிளக்காக இருந்தார். கூடுதல் பணம் தருவோர் அழைத்தால் ஒப்பந்தத்தை உதறிவிட்டுப் போகவும் செய்தார். 1935-ஆம் ஆண்டு வடக்கு டக்கோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் என்னும் சிற்றூர் அணியில் சேர்ந்தார். கார் வணிகர் ஒருவர் நடத்திய அந்த அணியில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக ஆடினர். அவ்வாண்டு விச்சிட்டா நகரில் நடந்த தேசியப் போட்டியில் அந்த அணியே வெற்றி பெற்றது. ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் காலடி வைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, இரு நிறத்தவரும் ஒரே அணியில் ஆட முடியும், வெல்லவும் முடியும் என்பதை ஒரு சிற்றூர் காட்டிவிட்டது. ஆனால் அதே ஊரில் பெய்ஜுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. தம் மனைவியுடன் ஒரு பழைய ரயில் பெட்டியில் குடியிருந்தார். களத்தில் அவரைப் போற்றிய ஊர், ஆட்டம் முடிந்தபின் அவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது.

1937-ஆம் ஆண்டு டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹீயோவின் பெயர் தாங்கிய அணிக்காக ஆடச் சென்றார். தலைநகருக்கே தம் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்த ஆட்சியாளருக்குத் தோல்வி பிடிக்காது. களத்தைச் சுற்றித் துப்பாக்கி ஏந்தியவர்கள் நின்ற நிலையில் இறுதி ஆட்டத்தில் பந்தெறிந்ததைப் பெய்ஜ் பின்னாளில் கதையாகச் சொல்வார். அணி வென்றது, அவர் உயிரோடு திரும்பினார். தாய்நாட்டின் லீக்கோ, சொல்லாமல் ஓடியவர் என்று அவருக்குத் தடை விதித்தது. பெய்ஜைத் தூயவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. வாக்குத் தவறியதும் தாமதமாய் வந்ததும் அவர் வாழ்வில் உண்டு. ஆயினும் நீதியைப் பெறுவதற்கு ஒருவர் முதலில் நல்லவராக இருந்து காட்ட வேண்டும் என்று கேட்பது முறையன்று. உரிமை நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசன்று.

1938-ஆம் ஆண்டு மெக்சிகோவில் ஆடியபோது அவருடைய எறியும் கை வலியால் முடங்கியது. இனி எறிய முடியாது என்று மருத்துவர் கைவிட்டார். அதுவரை துரத்தித் துரத்தி அழைத்த அணிகள் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியின் உரிமையாளர் வில்கின்சன் ஒருவரே வேலை கொடுத்தார். முதல் அணியில் அன்று. ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடும் இரண்டாம் அணியில். மக்கள் அவர் பெயருக்காகக் கூடினர். அவர் வலியோடு ஓரிரு சுற்றுகள் மெல்லப் பந்தெறிந்தார். நாள்தோறும் கையை உருவி விட்டார்கள். சில மாதங்களுக்குப் பின் ஒருநாள் வலி அகன்றது, வேகமும் திரும்பியது. வலியோடு எறிந்த நாள்களில் அவர் கற்ற வளைவு எறிகளும், இடையில் ஒரு கணம் நின்று எறியும் தந்திரமும் அவரை முன்னினும் வல்லவராக்கின.

வெள்ளையர் அணிகளின் பெரும் வீரர்களும் அவரை அறியாதவர் அல்லர். பருவம் முடிந்தபின் இரு தரப்பினரும் ஊர்களுக்குச் சென்று தமக்குள் காட்சி ஆட்டங்கள் ஆடுவது வழக்கம். 1934-இல் மேஜர் லீக்கில் முப்பது வெற்றிகள் பெற்ற டிசி டீன் பெய்ஜுடன் அப்படிப் பலமுறை மோதினார். 1936-ஆம் ஆண்டு ஓக்லண்டு நகரில் அவருடைய பந்தை எதிர்கொண்ட ஜோ டிமாஜியோ, தாம் சந்தித்தவர்களில் தலைசிறந்தவர் அவரே என்று பின்னர் சான்று பகர்ந்தார். அந்த ஆட்டத்துக்குப் பின் டிமாஜியோ நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் சென்றார். பெய்ஜ் மீண்டும் பேருந்துக்குச் சென்றார். திறமையில் யார் உயர்ந்தவர் என்பது களத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த உண்மையை ஏற்றுக்கொள்ளத் துணிவுதான் இல்லை.

சுவரால் உள்ளே இருந்தவர்களுக்கும் இழப்பே. ஒரு சான்று போதும். வில்கின்சனின் மொனார்க்ஸ் அணி 1930-ஆம் ஆண்டிலேயே எடுத்துச் செல்லத்தக்க மின்விளக்குகளைக் கொண்டு இரவு ஆட்டங்களை நடத்தியது. பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தவர்கள் மாலையில் வந்து கண்டு களித்தனர். மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் 1935-ஆம் ஆண்டிலேதான் நடந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் வறுமையின் நெருக்கடியால் கண்டுபிடித்ததைச் செல்வர்கள் ஐந்தாண்டு கழித்தே ஏற்றுக்கொண்டனர்.

1942-ஆம் ஆண்டு நீக்ரோ லீக்குகளின் உலகத் தொடரில் மொனார்க்ஸ் அணி ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியைத் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் வென்றது. அத்தொடரில், எதிரணியின் மாபெரும் மட்டையாளர் ஜாஷ் கிப்சனை நேருக்கு நேர் சந்திக்கும் பொருட்டுப் பெய்ஜ் வேண்டுமென்றே முன்னால் இருந்தவர்களைத் தளங்களுக்கு அனுப்பிவைத்தார் என்றும், பின்னர் கிப்சனை மூன்றே எறிகளில் வெளியேற்றினார் என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. அன்றைய இதழ்களைத் தேடிப் படித்த ஆய்வாளர்கள், தளங்கள் நிரம்பியது பெய்ஜின் விருப்பத்தால் அன்று, எதிரணியினர் அடித்த அடிகளால் என்று கண்டனர். ஆனால் கிப்சன் வீழ்ந்தது மெய். ஏடு இல்லாத இடத்தில் புராணம் வளரும். பெய்ஜ் தாம் ஏறத்தாழ 2,500 ஆட்டங்களில் எறிந்ததாகச் சொல்லிக்கொண்டார். அதை மெய்யென்று நிறுவவும் முடியாது; பொய்யென்று தள்ளவும் முடியாது. ஒருவருடைய உழைப்பைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள், பிறகு அவர் சொல்லை மிகை என்று எள்ளுவது எந்த அறத்தில் சேரும்?

நாற்பத்திரண்டு வயதுப் புதுமுகம்

1945-ஆம் ஆண்டு இறுதியில் புரூக்ளின் அணி மொனார்க்ஸ் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் பெய்ஜ் அல்லர். அதே அணியில் ஓராண்டே ஆடிய இளைஞர் ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்சன் மேஜர் லீக்கில் ஆடியபோது அந்த எழுதாத சட்டம் உடைந்தது. பெய்ஜ் வெளிப்படையாக அவரைப் பாராட்டினார். உள்ளுக்குள் மனம் நொந்தார். இருபது ஆண்டுகளாக அந்தக் கதவைத் தட்டியவர் அவர். கதவு திறந்தபோது நுழைந்தவர் இளையவர். இதில் ராபின்சனின் குற்றம் ஏதுமில்லை. கல்லூரியில் படித்து, இராணுவத்தில் அதிகாரியாய் இருந்து, வசைகளைப் பொறுத்து நின்ற அவருடைய சுமை வேறு வகையானது. முதலில் நுழைபவர் முதலில் தட்டியவராகவே இருப்பதில்லை என்பது வரலாற்றில் அடிக்கடி காணும் துயரம்.

இதைவிடப் பெருந்துயரம் ஜாஷ் கிப்சனுடையது. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 1947 ஜனவரி 20-ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில் அவர் இறந்துபோனார். மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூட அவர் அடிக்கவில்லை.

1948-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பெய்ஜுக்கு நாற்பத்திரண்டு வயது நிறைந்தது. அன்றே கிளீவ்லாண்ட் இந்தியன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். பெரும்பாலான பந்தெறிஞர்கள் ஓய்வு பெற்றுவிடும் வயது அது. கூட்டம் சேர்க்கும் வேடிக்கை என்றும், ஆட்டத்தின் மாண்பைக் கெடுக்கும் செயல் என்றும் புகழ்பெற்ற விளையாட்டு வார இதழ் ஒன்று கண்டித்தது. ஜூலை 9 அன்று பெய்ஜ் முதன்முறையாக மேஜர் லீக் மேட்டில் ஏறினார். ஆகஸ்டு 3-ஆம் நாள் அவர் தொடக்கத்திலிருந்தே எறிந்த முதல் ஆட்டத்தைக் காண 72,434 பேர் வந்தனர். ஆகஸ்டு 13 அன்று சிகாகோவில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் விடவில்லை. ஆகஸ்டு 20 அன்று கிளீவ்லாண்டில் 78,382 பேர் முன்னிலையில் மீண்டும் அதையே செய்தார். பருவ முடிவில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அவ்வாண்டு கிளீவ்லாண்ட் உலகத் தொடரை வென்றது. அத்தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பினத்தவர் பெய்ஜ். வேடிக்கை என்று கூறியவர்களுக்கு அவர் கையே விடை கூறியது.

1951 முதல் 1953 வரை செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணியில் ஆடினார். 1952, 1953 ஆகிய இரு ஆண்டுகளும் நாட்டின் சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார். அப்போது அவர் வயது நாற்பத்தாறும் நாற்பத்தேழும். இந்த வயதில் இத்துணை ஆற்றல் என்றால், இருபத்தைந்தாம் வயதில் எப்படி எறிந்திருப்பார் என்று கண்டோர் வியந்தனர். அந்த வியப்பிலேயே ஒரு குற்றச்சாட்டு அடங்கியுள்ளது. இருபத்தைந்து வயதுப் பெய்ஜை அவர்கள் காணாமற் போனதற்கு அவர்களுடைய சுவர்தான் காரணம்.

1965 செப்டம்பர் 25-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணிக்காக ஒரே ஒருநாள் மீண்டும் மேட்டில் ஏறினார். கூட்டத்தைச் சிரிக்கவைக்க, ஆடுகளத்தின் ஓரத்தில் ஓர் ஆடும் நாற்காலியும், அருகில் தாதி வேடத்தில் ஒரு பெண்ணும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தனர். பெய்ஜ் நாற்காலியில் அமர்ந்தார், சிரித்தார், பிறகு எழுந்து சென்று பாஸ்டன் அணிக்கு எதிராக மூன்று சுற்றுகள் எறிந்தார். ஒரு புள்ளியும் விடவில்லை. ஒரே ஒருவர்தான் அவர் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். கிழவரைக் கேலிப்பொருளாக்கலாம் என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணம் மூன்று சுற்றில் முடிந்துபோனது.

1968-ஆம் ஆண்டு மற்றொரு செய்தி. மேஜர் லீக் வீரர்களின் ஓய்வூதியம் பெற அவருக்குச் சில மாதப் பணிக்காலம் குறைந்திருந்தது. நாற்பது ஆண்டுகள் பந்தெறிந்தவருக்கு ஓய்வூதியத்துக்கு நாள் போதவில்லை! ஏனெனில் சுவருக்கு வெளியே எறிந்த ஆண்டுகள் கணக்கில் வரா. அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரைத் தன் ஊதியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு அந்தக் குறையைத் தீர்த்தது. நல்ல செயலே. எனினும் தம் உழைப்பால் ஈட்டியிருக்க வேண்டியதை ஒருவர் பிறருடைய இரக்கத்தால் பெற நேர்வது எத்துணை வருத்தத்துக்குரியது!

தனி அறை வேண்டா

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் பேஸ்பால் புகழ் மண்டபம் உள்ளது. அதில் இடம்பெற மேஜர் லீக்கில் பத்தாண்டுகள் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. வெளித்தோற்றத்தில் இது நடுநிலையான விதி. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பத்தாண்டுகள் ஆடவிடாமல் தடுத்தவர்களே பத்தாண்டுகளைக் கேட்கும்போது, அநீதி விதியின் உடையை அணிந்துகொள்கிறது. 1966-ஆம் ஆண்டு அம்மண்டபத்தில் இடம்பெற்ற வெள்ளையர் டெட் வில்லியம்ஸ், தம் ஏற்புரையிலேயே இதை எழுப்பினார். வாய்ப்பு மறுக்கப்பட்ட சாட்சல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் போன்றோரும் ஒருநாள் அங்கே சேர்க்கப்பட வேண்டும் என்று அவர் வேண்டினார். தமக்குப் பெருமை சேரும் வேளையில் அங்கே இல்லாதவர்களை நினைத்த அந்தப் பேச்சு, அவர் அடித்த எந்த அடிக்கும் குறைந்ததன்று.

1971 பிப்ரவரியில் பெய்ஜின் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆனால் நீக்ரோ லீக் வீரர்களுக்கென்று மண்டபத்தில் ஒரு தனிப் பகுதி அமைக்கப்படும் என்றும் அறிவித்தனர். தனித்தனி ஆனால் சமம் என்னும் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டிலேயே பள்ளிகளிலிருந்து நீக்கியிருந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதே கோட்பாடு ஒரு புகழ் மண்டபத்தின் வாசலில் வந்து நின்றது. இரண்டாந்தரக் குடிமகனாக இருந்தவரை இப்போது இரண்டாந்தர அமரராக்கிவிட்டனர் என்னும் கருத்துப்படப் பெய்ஜ் பேசியதாகச் சொல்வர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில மாதங்களில் அந்த முடிவு கைவிடப்பட்டது. 1971 ஆகஸ்டு 9-ஆம் நாள் பெய்ஜ் மற்றவர்களுக்கு நிகராக, அதே மண்டபத்தில், அதே சுவரில் இடம்பெற்றார். நீக்ரோ லீக்குகளில் ஆற்றிய பணிக்காக அந்தப் பெருமையைப் பெற்றவர்களில் அவரே முதல்வர்.

1982 ஜூன் 5-ஆம் நாள் கான்சஸ் சிட்டியில் அவர் பெயர் சூட்டப்பட்ட ஆடுகளத்தின் விழாவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். மூன்று நாள்களில், ஜூன் 8 அன்று, தம் எழுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

ஏடு திருந்தியது

அவர் மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று பேஸ்பால் நிருவாகம் அறிவித்தது. ஆய்வாளர்கள் பழைய இதழ்களின் மங்கிய பக்கங்களைப் பல்லாண்டுகளாகத் துருவிச் சேர்த்த கணக்குகள், 2024 மே மாதம் அதிகாரப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அதுவரை 28 ஆக இருந்த பெய்ஜின் மேஜர் லீக் வெற்றிகள் அன்று நூற்றைத் தாண்டின. மட்டையாளர்களின் வாழ்நாள் சராசரிப் பட்டியலில் ஜாஷ் கிப்சனின் பெயர் எல்லாருக்கும் மேலே ஏறியது. இறந்த மனிதர் எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் முதலிடம் பெற்றார்.

இதைக் கண்டு சிலர் முணுமுணுத்தனர். பழைய கணக்குகளைக் கலைக்கலாமா என்றனர். உண்மையில் கலைந்திருந்தது முந்தைய கணக்கே. ஒரு பாதி மக்களை வெளியே நிறுத்திவிட்டு எழுதிய ஏடு முழு ஏடு ஆகாது. இன்றும் அது முழுமை பெறவில்லை. அந்த லீக்குகளின் ஆட்டங்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கே குறிப்புகள் கிடைத்துள்ளன. எஞ்சியவை சிற்றூர்களின் புழுதியில் கரைந்துவிட்டன.

எனவே, இறுதியில் நீதி வென்றது என்று நிறைவு கொள்ள நமக்கு மனம் வரவில்லை. நீதி வந்தது, அதற்காக நன்றி கூறுவோம். ஆனால் அது எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுவர இயலவில்லை என்பதைப் பிரித்தறிய வேண்டும். பறித்த பணத்தைத் திருப்பித் தரலாம். மறைத்த பெயரை எழுதலாம். தவறான ஏட்டைத் திருத்தலாம். திருத்தியே ஆக வேண்டும். ஆனால் பறித்த காலத்தை எவராலும் திருப்பித் தர இயலாது. இருபத்தைந்தாம் வயதின் வேகத்தை நாற்பத்திரண்டாம் வயதில் ஒருவர் கையில் வைக்க முடியாது. 'சற்றுப் பொறுங்கள், காலம் கனியட்டும், எல்லாம் சரியாகும்' என்று துன்புறுவோரிடம் கூறுபவர்கள், தாம் செலவழிப்பது பிறருடைய காலம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கதவைத் திறப்பவர் சாவி கொண்டுவருவதற்குள் எத்தனை ஜாஷ் கிப்சன்கள் இறந்துபோகின்றனர்! சாட்சல் பெய்ஜ் இறவாமல், தளராமல், கையைக் காத்துக் காத்திருந்தார். அது அவருடைய பெருமை. அவரை அத்தனை காலம் காக்கவைத்தது அவர் நாட்டின் பெருமை ஆகாது. எவரும் கணக்கு வைக்காத ஊர்களில், விளக்கு மங்கிய களங்களில், நாளை ஏட்டில் ஏறும் என்ற உறுதி ஏதுமின்றி, ஒவ்வொரு பந்தையும் அவர் முழு ஆற்றலோடு எறிந்தார். அந்தப் பந்துகளை எண்ணியவர் இல்லை. ஆயினும் அவை தட்டைக் கடந்து சென்றது மெய்.